உப்புக் காற்றும் பன்னிரண்டு வோல்ற்றும்

குறிகட்டுவானில் வீதி முடிந்துவிடும். பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவுச் சந்தி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் மேல் ஓடிவரும் 776 ஆம் இலக்க பஸ் இறங்குதுறையில் திரும்பி நின்றுகொள்ளும். அதற்கு அப்பால் படகுதான். நயினாதீவு கால்மணி நேரத்தில் வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

படகு வந்து அணையும் நேரத்தில் அந்தத் துறையைப் பார்க்கவேண்டும். ஹைஏஸ் வான், பட்டா, லான்ட்மாஸ்ரர், முப்பது வயது தாண்டிய ஹைலக்ஸ் பிக்கப் எல்லாம் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும். மீன்பெட்டி, ஐஸ், நண்டுக் கூடை ஒருபக்கம் இறங்கும். சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை மறுபக்கம் ஏறும். ஆனி மாதம் நாகபூசணி அம்மன் கோயில் கொடியேறிவிட்டால் சனமும் சாமானும் இரட்டிப்பாகும். இரவில் நெடுந்தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்து இறக்கினால், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகக் கிடைக்கும் வாகனம் சில வேளை ஒரு மீன் பிக்கப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் எழும்பவேண்டும். ‘டக், டக்’ என்று செல்ப் மட்டும் அடித்து நின்றுவிட்டால் அங்கே நிற்கிற எல்லோருடைய முகமும் மாறிவிடும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பல மடங்கு நெரித்து, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பற்றவைக்கிற எஞ்சின் அது. பழைய ஹைலக்ஸில் இருக்கும் 3எல் எஞ்சினின் நெரிப்பு விகிதம் 22.2க்கு 1. அதைச் சுழற்ற செல்ப் மோட்டார் சில நூறு அம்பியர் இழுக்கும். அதற்கு முன்னரே ஹீற்றர் பிளக்குகள் தங்கள் பங்கை எடுத்துவிடும். அந்தக் காலத்து ஒஸ்ரின் காரைப்போல முன்னால் கம்பி விட்டுக் கையால் சுற்ற இதில் முடியாது. பற்றரி கைவிட்டால் ஆள் சேர்த்துத் தள்ளவேண்டும். அல்லது இன்னொரு வாகனத்தைத் தேடவேண்டும்.

கடலோரத்தில் நிற்கிற வாகனத்துக்கு உப்பும் வெக்கையும் ஓயாத எதிரிகள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செம்பை அரித்துப் பச்சைத் தூளாக்கும். வயரின் வெளித்தோல் கறுப்பாக, புதிதாகத் தெரியும். தோலை வெட்டினால் உள்ளே பாதிச் செம்பு இருக்காது. வெக்கை வேறு விதமாக வேலை செய்யும். பற்றரியின் சூடு பத்துப் பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பற்றரி செய்கிறவர்களின் பழைய கணக்கு. எங்கள் தீவகத்தில் இந்த இரண்டுக்கும் ஓய்வு நாள் கிடையாது.

இந்த வேலையை நான் பழகியது மாமாவிடம். அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். புங்குடுதீவில் வீதியோரம் கிடுகு வேய்ந்த கொட்டிலில் வயரிங்கும் பற்றரி வேலையும் செய்தவர். அவர் எப்படி அப்படி வேலை செய்தார் என்று விளங்க வேண்டுமானால் பொருளாதாரத் தடைக் காலத்துக்குப் போகவேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றரிகூட வராது. 1991 ஒக்ரோபரில் இராணுவம் தீவுகளைப் பிடித்தபோது எங்கள் சனம் வீடு வாசலை விட்டுக் குடாநாட்டுக்குப் பெயர்ந்தது. எங்கள் குடும்பமும் மாமா குடும்பமும் ஒரே வளவில் தங்கினோம். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். அந்தப் பருவத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வேலை தெரியும்.

சைக்கிள் டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். மாமா பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய டயோட்டை வயரில் ஒட்டிக் காட்டினார். “இது ஒருபக்கம் மட்டும் திறக்கிற படலையடா. போற மின்சாரத்தை விடும், திரும்பி வாறதை மறிச்சுப்போடும்” என்றார். பிற்காலத்தில் வாகன அல்டனேற்றரைத் திறந்து, உள்ளே டயோட்டுகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அல்டனேற்றரும் மாறி மாறி ஓடும் மின்சாரத்தைப் பிறப்பித்து, டயோட்டால் ஒரே திசைக்குத் திருப்பித்தான் பற்றரிக்கு அனுப்புகிறது.

அந்தக் காலத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராற் எடுக்கச் சில துளி பெற்றோல். பற்றரி பழுதானால் புதிது வாங்க வழியே கிடையாது, இருப்பதை உயிர்ப்பிக்கவேண்டும். அப்போது இருந்த பற்றரிகள் கறுப்பு இறப்பர்ப் பெட்டியில், மேலே தார் ஊற்றி மூடியவை. செல்லையும் செல்லையும் தொடுக்கும் ஈயத் துண்டுகள் வெளியில் தெரியும். அதனால் ஆறு செல்லையும் தனித்தனியே அளக்கலாம். நல்ல செல் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும். மாமா தாரை உருக்கி எடுத்து, செத்த செல்லைக் கழற்றி, இன்னொரு பற்றரியின் நல்ல செல்லை அங்கே வைத்து, ஈயத்தை உருக்கித் தொடுப்பார். செத்த பற்றரிகள் சிலதைப் பிரித்து உயிருள்ள ஒன்றைக் கட்டுவார். தீவுக் கிணறுகள் உவர். அந்தத் தண்ணீர் பற்றரிக்குள் போனால் அதிலுள்ள உப்பு தட்டுகளைக் கெடுக்கும். அதனால் ஊருக்குத் திரும்பி வந்த பின்னர் அவர் மாரியில் மழைத் தண்ணீரைத் துப்புரவான பொலித்தீன் விரித்துப் பிடித்து, போத்தலில் அடைத்து வைப்பார். கூரைத் தகரத்தில் வழிந்த தண்ணீரைத் தொடமாட்டார்.

மாற்றுப் பாகம் கிடைக்காத ஊரில் வேலை பழகியவருக்கு ஊகம் கட்டுப்படியாகாது. எது பழுது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே அவர் கை வைப்பார். அவர் எனக்குத் தந்த பாடம் இதுதான்: “முதல்ல பற்றரியைக் கேள். பிறகு அல்டனேற்றரைக் கேள். கடைசியா ரெண்டுக்கும் நடுவில கிடக்கிற வழியைக் கேள். மூண்டும் பதில் சொன்ன பிறகுதான் ஸ்பானரை எடு.”

போர் முடிந்து ஊர் மெல்ல எழும்பிய காலத்தில் ஒரு சம்மாட்டியாரின் ஹைலக்ஸ் கொட்டிலுக்கு வந்தது. குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மீன் ஏற்றுகிற வாகனம். “தம்பி, இது பற்றரி தின்னுது” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். குறுகிய காலத்துக்குள் இரண்டு பற்றரி மாற்றியாயிற்று, மூன்றாவதும் தளர்கிறது. பட்டணத்தில் காட்டியபோது எஞ்சினை ஓடவிட்டு மீற்றர் வைத்துப் பார்த்து, சார்ஜ் நன்றாக இருக்கிறது, பற்றரிதான் சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

மாமா பொனற்றைத் திறக்கவில்லை. “சம்மாட்டியார், பிரேக் எப்பிடி?” என்று கேட்டார்.

பற்றரிக்கு வந்தவரிடம் ஏன் பிரேக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சம்மாட்டியார் யோசித்துவிட்டு, “சில நேரம் இறுகுது அண்ணை. ஊண்டி மிதிக்கவேணும். பட் தேய்ஞ்சிருக்கும் எண்டு விட்டிட்டன்” என்றார். மாமா தலையாட்டிவிட்டு மீற்றரை எடுத்தார்.

வாகனம் இரவு முழுக்க நின்றபடி காலையில் வந்திருந்தால் பற்றரியின் உண்மை நிலை உடனே தெரியும். ஓடி வந்த வாகனத்தின் பற்றரி பொய் சொல்லும். அப்போது ஏறிய சார்ஜ் மேலே மிதக்கும். அதனால் ஹெட்லைற்றைச் சற்று நேரம் எரியவிட்டு, அணைத்து, ஆறவிட்டு அளந்தோம். 12.2. முழுதாக நிறைந்த பற்றரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். பிறகு ஹைட்ரோமீற்றரால் ஒவ்வொரு செல்லின் அசிட்டையும் உறிஞ்சிப் பார்த்தோம். ஆறிலும் மிதவை ஒரே அளவில் நின்றது. ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் பற்றரி பழுது. ஆறும் ஒருமிக்கத் தாழ்ந்திருந்தால் பற்றரி பட்டினி. “பற்றரி பதில் சொல்லிப்போட்டுது. அதில பிழை இல்லை” என்றார் மாமா.

அடுத்தது அல்டனேற்றர். எஞ்சினை ஸ்ராற் எடுத்தோம். மீற்றர் 14.1க்கு ஏறியது. ஓடுகிற எஞ்சினில் 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் சார்ஜ் சரி என்று கொள்வது வழக்கம். பட்டணத்தில் பார்த்தவர்களும் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். மாமா நிறுத்தவில்லை. பற்றரியின் இரண்டு முனையிலிருந்தும் நீளமான வயரைப் பொனற் இடுக்கால் எடுத்து, கண்ணாடி வழியே உள்ளே விட்டு, மீற்றரை என் மடியில் வைத்தார். ஹெட்லைற், விசிறி எல்லாவற்றையும் போட்டார். “வாணர் தாம்போதி மட்டும் போய் வருவம். நீ இலக்கத்தை வாசிச்சுக்கொண்டு வா” என்றார்.

புறப்படும்போது 14.1. எஞ்சின் சூடேறத் தொடங்கியதும் 13.9. மடத்துவெளிக்குக் கிட்ட 13.5. தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். காற்று வாகனத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்: 13.1, 12.8, திடீரென்று 13.6, மறுபடி 12.7. திரும்பும்போது 12.3. மாமா வாகனத்தை ஓரங்கட்டி, கையால் வெயிலை மறைத்து டாஷ்போர்ட்டைக் காட்டினார். பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு, மங்கலாக எரிந்தும் எரியாமலும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் அதை யாரும் கண்டிருக்க முடியாது. குளிர்ந்த எஞ்சினில் நல்ல பிள்ளையாக இருந்த அல்டனேற்றர், சூடேறியதும் வேலையை விட்டுவிடுகிறது. பட்டணத்தில் ஆறின எஞ்சினில் அளந்தவர்களுக்கு அதனால்தான் எதுவும் தெரியவில்லை.

கொட்டிலுக்கு வந்ததும் பிரேக்கின் கதையை மாமா சொன்னார். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது குழாயில் வெற்றிடம் பிறக்கும். அதைப் பிரேக் பூஸ்ரர் பயன்படுத்திக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அப்படி வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வக்கியூம் பம்ப் வேண்டும். இந்த எஞ்சினில் அந்தப் பம்ப் அல்டனேற்றரின் முதுகிலேயே, அதே அச்சில் பொருத்தியிருக்கும். பம்புக்கு எஞ்சின் ஒயில் ஒரு குழாயால் வந்து, இன்னொரு குழாயால் சம்புக்குத் திரும்பும். பம்புக்கும் அல்டனேற்றருக்கும் நடுவில் நிற்பது ஒரு சின்ன ஒயில் சீல் மட்டுமே. அது தேய்ந்தால் வெற்றிடம் குறையும், பிரேக் இறுகும். அதே வழியால் சூடான, இளகின ஒயில் அல்டனேற்றருக்குள் கசிந்து காபன் பிறஷை நனைக்கும். காபன் நனைந்தால் சுழலும் வளையத்தோடு சரியாகத் தொடாது. தொடாவிட்டால் காந்தம் இல்லை. காந்தம் இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை. பிரேக்கும் பற்றரியும் இரண்டு நோய் என்று எல்லோரும் நினைத்திருந்தது ஒரே நோய்.

பற்றரியின் எர்த் முனையை முதலில் கழற்றினோம். அல்டனேற்றருக்கு வரும் தடித்த வயரில் எந்நேரமும் பற்றரியின் மின்சாரம் நிற்கும். ஸ்பானர் பொடியில் பட்டால் பொறி பறக்கும். அல்டனேற்றரை இறக்கிப் பின்மூடியைத் திறந்தபோது உள்ளே கறுத்த களிம்பு. காபன் தூளும் ஒயிலும் குழைந்து வளையத்தைச் சுற்றிப் படிந்திருந்தது. காபனின் நீளம் போதுமானதாக இருந்தது. ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கீழே போனால்தான் நீளத்துக்காக மாற்றவேண்டும். ஆனால் ஒயில் ஊறிய காபன் துடைத்தாலும் திரும்பக் கசியும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலிருந்து காபனும் சீலும் எடுப்பித்தோம். வளையத்தைப் பெற்றோலால் துடைத்து, பொடி அரத்தாளால் மெல்லத் தேய்த்து மினுக்கினோம். பெயரிங்கைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்ட பிறகு பூட்டினார்.

அத்தோடு சம்மாட்டியார் போக எழும்பினார். மாமா இருத்திவிட்டார். மூன்றாவது கேள்வி பாக்கி.

வழியைக் கேட்பது எப்படி என்று அவர் காட்டியது, வாகன மின்வேலையில் நான் கற்ற மிகப் பெரிய விஷயம். வயரில் மின்சாரம் ஓடாதபோது எந்தப் பழுதும் தெரியாது. அதனால் ஓடும்போது அளக்கவேண்டும். மீற்றரின் ஒரு நுனியைப் பற்றரியின் எர்த் முனையிலும், மறு நுனியை எஞ்சின் உடம்பிலும் வைத்து, என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னார். இரண்டும் ஒரே எர்த்தானே, பூச்சியம் காட்டவேண்டும். நல்ல வயரில் செல்ப் சுற்றும்போது 0.2 வோல்ற்றுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. இங்கே 0.8 காட்டியது. பன்னிரண்டு வோல்ற் கொடுக்கிற பற்றரியில் முக்கால் வோல்ற்றுக்கு மேல் அந்த ஒரு பட்டியிலேயே சூடாகி வீணாகிறது. செல்ப் மெல்லச் சுற்றியதற்கு அது ஒரு காரணம். சார்ஜ் ஏறும்போதும் அதே பட்டிதான் வழி. போகும் வழியிலும் இழப்பு, வரும் வழியிலும் இழப்பு.

எர்த் பட்டியைக் கழற்றித் தோலைக் கீறினார். உள்ளே பச்சைத் தூள் கொட்டியது. வெல்டிங் வயர்த் துண்டொன்றில் புதுப் பட்டி செய்தோம். செம்பு லக்கை நெரித்து, ஈயம் ஊற்றி, நட்டுப் பூட்டும் இடத்தில் எஞ்சின் உடம்பையும் பொடியையும் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினோம். வாசலினை முதலில் பூசிவிட்டு இறுக்கக்கூடாது. உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் தொட்ட பிறகுதான் உப்புக்கு அரண் கட்டவேண்டும். மறுபடி தாம்போதிவரை ஓடினோம். லைற் எல்லாம் போட்டபடி, எஞ்சின் நல்ல சூட்டில், 14.2. மீற்றர் அசையவில்லை. பிரேக்கும் இளகிவிட்டது.

சம்மாட்டியார் வீட்டு மூலையில் போட்டிருந்த இரண்டு பழைய பற்றரிகளையும் மாமா கொண்டுவரச் சொன்னார். மெதுவான சார்ஜில், எழுபது அம்பியர் மணிப் பற்றரிக்கு ஏழு அம்பியர் என்ற கணக்கில் வைத்தோம். ஒன்று எழும்பி வந்தது. அவருடைய படகு விளக்குக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றது எழும்பவில்லை. சார்ஜ் இறங்கிய பற்றரியைப் பல மாதம் அப்படியே விட்டால் தட்டில் படியும் ஈய சல்பேற் இறுகிக் கல்லாகிவிடும். அதற்குப் பிறகு எந்தச் சார்ஜும் ஏறாது. பழுதில்லாத ஒரு பற்றரி, யாரும் கேள்வி கேட்காததால் செத்தது. அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது.

மாமாவின் மூன்று கேள்விகளும் அதன்பிறகு என்னை எத்தனையோ வாகனங்களில் காப்பாற்றியிருக்கின்றன. இரண்டு நாள் நிறுத்தினால் செத்துப்போகும் பிக்கப் ஒன்று. சாவியை எடுத்து, எல்லாக் கதவும் பூட்டி, பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி நடுவில் அம்பியர் மீற்றரைத் தொடுத்தால், நிற்கிற வாகனம் 50 மில்லி அம்பியருக்கு மேல் குடிக்கக்கூடாது. அது பல மடங்கு குடித்தது. பியூஸை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனால், எந்தப் பியூஸில் மீற்றர் விழுகிறதோ அந்த வழியில்தான் களவு. பிறகு பூட்டிய பாட்டுப்பெட்டியின் அம்பிளிபயர் சாவியைச் சுற்றிப் போகும் வயரில் தொடுக்கப்பட்டிருந்தது. இன்னொரு வாகனத்தில் நேர்மாறு: பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றியது. அல்டனேற்றருக்குப் பற்றரியின் நிலையைச் சொல்லும் மெல்லிய வயரின் தொடுப்பில் உப்புப் பிடித்திருந்தது. வோல்ற் குறைவு என்று பிழையான செய்தி போனதால் அல்டனேற்றர் கூடக் கூடத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று குடித்தது, ஒன்று கொதித்தது. இரண்டிலும் பற்றரி குற்றவாளி இல்லை. இரண்டிலும் பிழை தொடுப்பில்தான் இருந்தது.

தீவுக்குள் மட்டும் ஓடுகிற வாகனத்துக்கு இன்னொரு குறை உண்டு. துறைக்கும் சந்திக்கும் இடையில் சிறு ஓட்டம், பிறகு நிறுத்தம், பிறகு மறுபடி ஹீற்றரும் செல்ப்பும். இறைத்ததை நிரப்ப அல்டனேற்றருக்கு நேரம் கிடைப்பதில்லை. அப்படியான வாகனத்தைக் கிழமையில் ஒரு முறையாவது பட்டணம்வரை ஓட்டுங்கள், அல்லது இரவில் மெதுவான சார்ஜில் போடுங்கள் என்று சொல்வேன். பக்கத்து வாகனத்திலிருந்து வயர் கொடுத்து எழுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: கடைசிக் கவ்வியைச் செத்த பற்றரியின் எர்த் முனையில் கொழுவாதீர்கள், தள்ளி எஞ்சின் உடம்பில் கொழுவுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரி ஐதரசன் வாயுவை விடும். ஒரு பொறி போதும், அசிட் முகத்தில் அடிக்கும்.

தடைக் காலம் முடிந்த கதை என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 2022 வந்தது. ரூபா சரிந்தது, டீசலுக்குப் பகல் இரவாக வரிசை, பற்றரியும் பாகமும் எட்டாத விலை. வரிசையில் நகர்ந்து நகர்ந்து, நிறுத்தி நிறுத்தி ஸ்ராற் எடுத்ததிலேயே பற்றரிகள் தளர்ந்தன. படகும் டீசலுக்குக் காத்திருந்தது, பிக்கப்பும் காத்திருந்தது. மாமா அப்போது இல்லை. ஆனால் அவர் கறுப்புப் பெட்டிகளைப் பிரித்துக் கற்ற முறை கொட்டிலில் இருந்தது. புதுப் பற்றரி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலானோரைத் தொடுப்புச் சுரண்டி, எர்த் மாற்றி, காபன் போட்டு, பழைய பற்றரியோடேயே அனுப்பி வைக்க முடிந்தது. மீன் பழுதாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் போனார்கள். ஒரு சின்ன வேலையை ஒழுங்காகச் செய்வது ஊருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த வருடம் நான் கண்ணால் கண்டேன்.

இப்போது வருகிற பிக்கப்புகளில் அல்டனேற்றரைக் கணினி ஆளுகிறது. தேவைக்கேற்ப வோல்ற்றை ஏற்றும், இறக்கும். 13 காட்டினால் பழுது என்று உடனே சொல்லிவிட முடியாது. கணினி என்ன கேட்டது என்றும் பார்க்கவேண்டும். கருவி மாறியிருக்கிறது. ஆனால் கணினிக்கும் அல்டனேற்றருக்கும் நடுவில் ஓடுவது அதே செம்பு வயர். அதைச் சுற்றி வீசுவதும் அதே குறிகட்டுவான் காற்று.

அதைவிடப் பெரிய பற்றரிகளும் எங்கள் கடலுக்கு வருகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் சேர்ந்த மின்திட்டம் ஒன்றை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் மின்பிறப்பாக்கியையே நம்பியிருந்த தீவுகளுக்கு இது நல்ல செய்தி. அந்தத் தொகுதிகளும் உப்புக் காற்றிலேயே நிற்கப்போகின்றன. அவற்றின் தொடுப்புகளிலும் பச்சை ஏறும். அளக்கத் தெரிந்தவர்கள் அருகில் இல்லாவிட்டால், ஒரு பட்டி அரித்ததற்காகப் பெரும் விலையுள்ள பெட்டிகளை மாற்றச் சொல்வார்கள். சம்மாட்டியாருக்கு நடந்தது ஊர் முழுவதற்கும் நடக்கும்.

அந்த வேலைக்கு எங்கள் தீவுப் பிள்ளைகள் போகவேண்டும் என்பது என் ஆசை. இப்போது கொட்டிலில் இரண்டு பொடியன்கள் பழகுகிறார்கள். புதிதாக வரும் எந்த வாகனத்திலும் அவர்கள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன், கொப்பியில் மூன்று வரி எழுதவேண்டும்: பற்றரி சொன்னது, அல்டனேற்றர் சொன்னது, வழி சொன்னது. மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் நான் வேலையைத் தொடங்க விடுவதில்லை. அந்த வரியை நிரப்பத் தெரிந்தவன் பன்னிரண்டு வோல்ற்றிலும் வேலை செய்வான், நாளை நெடுந்தீவின் பற்றரித் தொகுதியிலும் வேலை செய்வான்.